முகம் காணாத கத்திக்கு முழு விலையா?



‘வாங்கும் முன்’ என்னும் இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை மாவரைக்கும் பொறியைப் பற்றியோ, தண்ணீர் வடிகட்டியைப் பற்றியோ, பழைய தையற்பொறியைப் பற்றியோ இருக்கும். சென்ற திங்கள் செம்பூரிலிருந்து ஓர் இளைஞர் எழுதிய கடிதம் அவற்றினும் வேறானது. அதைப் படித்த பின் இரண்டு நாள் வேறு எதிலும் என் மனம் செல்லவில்லை. ஒரு சவரக்கத்தியைப் பற்றிய கடிதம்தான் அது. ஆனால் கத்தியோடு ஒரு குடும்பமே அதில் இருந்தது.

அவருடைய தந்தையாருக்கு வருகிற தைத் திங்களில் அறுபது நிறைகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இருபதாம் வயதில் பம்பாய்க்கு வந்தவர். ஊரில் தபால் இலாகாவில் பணியாற்றிய பாட்டனாரிடம் இங்கிலாந்து நாட்டு மடக்குச் சவரக்கத்தி ஒன்று இருந்ததாம். ஒன்றுவிட்டு ஒரு நாள் விடியற்காலையில் அவர் திண்ணையில் அமர்ந்து, தூணில் மாட்டிய வாரில் அதைத் தீட்டும் ஓசை கேட்டுத்தான் வீட்டுப் பிள்ளைகள் கண் விழிப்பார்களாம். பாட்டனார் மறைந்தார், பாகம் பிரிந்தது, நிலம் எங்கே போயிற்று, பித்தளை அண்டா எங்கே போயிற்று என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கத்தி எங்கே போயிற்று என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. “அந்த ஒரு கத்தி எனக்கு வந்திருந்தால் போதும்” என்று தந்தையார் இன்றும் சொல்லுகிறாராம்.

அறுபதாம் கல்யாணத்தன்று அத்தகைய கத்தி ஒன்றைத் தந்தையின் கையில் கொடுக்க வேண்டுமென்பது மகனின் ஆசை. தேடி அலைந்து, பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில் இரண்டு கத்திகளைக் கண்டார். இரண்டும் ஷெபீல்டு நகரத்தில் செய்தவை. அகலமும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று, யாரோ பயன்படுத்தியது. பிடி எருமைக் கொம்பு. விலை 4,000 ரூபாய். மற்றொன்று, ஒரு நாளும் பயன்படுத்தப் பெறாதது. பழைய அட்டைப்பெட்டியும் சுற்றியிருந்த காகிதமும் அப்படியே இருக்கின்றன. விலை 11,000 ரூபாய். “யாரோ ஒருவர் முகத்தில் பட்டதையா அறுபதாம் கல்யாணத்தன்று அப்பாவின் கையில் கொடுப்பாய்?” என்கிறார் தாயார். மகனோ தங்கையின் கல்லூரி விடுதிக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறவர். அந்தத் தொகையும் இவ்விரு விலைகளுக்கும் உள்ள வேறுபாடும் ஏறக்குறைய ஒன்று. “ஐயா, அந்த 7,000 ரூபாய்க்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

நல்ல கேள்வி. பழம்பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில், நூறாண்டுப் பழமையுள்ள ஒரு கத்தி பயன்படாமலே எஞ்சியிருப்பது எப்படி என்று நீங்கள் வியக்கலாம். வியப்பதற்கு ஒன்றுமில்லை. அமெரிக்கரான கில்லெட், மெல்லிய தகட்டைப் பொருத்திச் சவரம் செய்து, மழுங்கியதும் எறிந்துவிடும் கருவியை 1903ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதல் ஆண்டில் விற்றவை 51 கருவிகளும் 168 தகடுகளுமே. அடுத்த ஆண்டு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது, அந்நாட்டுப் படைவீரர்களுக்கென ஏறக்குறைய 35 இலட்சம் கருவிகளை அவருடைய நிறுவனம் செய்து கொடுத்தது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் புதுப்பழக்கத்தோடு திரும்பினார்கள். மடக்குக் கத்தியின் காலம் சாயத் தொடங்கியது. கடைகளின் மேல்தட்டில் விற்காமல் தங்கிய கத்திகள் பல. வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு கத்தியென நாளின் பெயரை முதுகில் பொறித்து, பெட்டியில் அடுக்கி விற்றதும் உண்டு. அத்தகைய பெட்டியை வாங்கியவர் இரண்டொன்றை மட்டும் பழக்கி, மற்றவற்றை அப்படியே விட்டதும் உண்டு. இவ்வாறு எஞ்சியவைதாம் இன்று ‘முகம் காணாத கத்தி’ என்று தனி விலைக்கு வருகின்றன.

இனி, அந்தத் தனி விலையை எதற்காகக் கொடுக்கிறோம் என்று பார்ப்போம்.

எஃகின் தரத்துக்காகவா? எஃகின் தரம் அது உருகிய நாளிலேயே முடிவாகிவிட்டது. பெட்டியில் உறங்கியதால் அது உயர்வதில்லை. நாள்தோறும் உழைத்ததால் தாழ்வதுமில்லை. ஷெபீல்டின் புகழுக்கு அடிகோலியவர் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர். கடிகார வில்லுக்கு ஏற்ற எஃகைத் தேடிய அவர், 1740களில் மூடிய மண்மூசையில் எஃகை முழுவதும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். மூசையில் எஃகு செய்யும் கலை நம் தென்னாட்டுக்குப் பழமையானது என்பதும், இங்கிருந்து சென்ற ‘ஊட்ஸ்’ எஃகை லண்டனில் ஸ்டோடர்ட் என்னும் கத்தித் தொழிலாளரும் விஞ்ஞானி பாரடேயும் 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூர்ந்து ஆராய்ந்தார்கள் என்பதும் நேயர்கள் அறிந்து மகிழத் தக்கவை. மற்றொரு செய்தியும் உண்டு. சேலத்து இரும்புத்தாதுவைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் ஆலை நடத்திய ஹீத் என்பவர், பின்னர் ஷெபீல்டுக்குச் சென்று, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அதனால் ஷெபீல்டு எஃகின் விலை இறங்கிற்று. அவருக்கோ வழக்கு மன்றமே மிஞ்சிற்று. ஆகவே அந்நாட்டுக் கத்தியின் வரலாற்றில் நம் கடற்கரைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ஆயினும் நம் அன்பர் கண்ட இரு கத்திகளும் ஒரே நகரத்துப் பிள்ளைகள். எஃகைப் பொறுத்தவரை அதிக விலை கொடுப்பதற்குக் காரணம் இல்லை.

அப்படியானால் கூர்மைக்காகவா? பலரும் மயங்கும் இடம் இதுவே. பயன்படாத கத்தி என்றால் பெட்டியைத் திறந்ததும் சவரம் செய்துகொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். அவ்வாறில்லை. அக்காலத்துக் கத்திகள் பலவும் ஆலையிலிருந்து வந்தபின், விற்பவரோ வாங்கியவரோ நாவிதரோ கல்லில் தீட்டிக் கூரேற்றிய பின்னரே முகத்துக்கு வந்தன. நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் மயிரிழையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த கனமுடையது. அத்துணை மெல்லிய விளிம்பு, எண்பது தொண்ணூறு ஆண்டு காற்றும் ஈரமும் பட்டுக் கிடந்தால் எப்படி அப்படியே இருக்கும்? ஆதலின் பயன்படுத்தியதாயினும் படுத்தாததாயினும் இரண்டையும் கல்லில் ஏற்றியே ஆகவேண்டும். அந்தச் செலவு இரண்டுக்கும் பொது.

அடுத்து, உருவத்துக்காகவா? இங்கே பயன்படாத கத்திக்கு ஓர் உண்மையான மேன்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மடக்குக் கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படியும்படி வைப்பார்கள். முதுகின் கனமும் அலகின் அகலமும் சேர்ந்துதான் கூரின் கோணத்தை முடிவு செய்கின்றன. ஐந்தில் எட்டு அங்குலம், ஆறில் எட்டு அங்குலம் என்று தலைகீழாகச் சொல்லுவது கடைக்காரர் வழக்கு. அங்குலத்தை எட்டாகப் பிரித்து, அதில் ஐந்து பங்கு, ஆறு பங்கு என்பதே அதன் பொருள். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் முதுகும் தேய்கிறது, வாயும் தேய்கிறது. அளவறிந்து தீட்டினால் இரண்டும் சேர்ந்து தேய்ந்து கோணம் மாறாது. அழுத்தித் தீட்டியவர் கைப்பட்டால் முதுகு ஒருபுறம் பட்டையாகிவிடும். வாய் நடுவில் குழிந்துவிடும். பயன்படாத கத்தியில் இந்தக் குறை இருக்க வழியில்லை. ஆலை கொடுத்த எஃகு முழுவதும் அதில் இருக்கிறது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாக் கத்தியும் ஆலையிலிருந்து நேராகவே வந்தது என்று யார் சொன்னது? சாணைச் சக்கரத்தில் இருபுறமும் உட்குழிவாகத் தேய்த்து, காகிதம் போல் மெலியச் செய்யும் வேலை அது. மனிதர் கையால் நடந்தது. எஃகைச் சுட்டு நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது சில அலகுகள் சற்றே முறுகிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒன்றை வாங்கியவர் ஒருமுறை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியிலேயே போட்டிருக்கலாம். கடையிலேயே ஒருவரும் எடுக்காமல் விட்டிருக்கலாம். நாற்பது ஆண்டு ஒருவருடைய தாடையில் நடந்த கத்தியோ தேர்வில் தேறிய மாணவனைப் போன்றது. அதன் எஃகு கூரை ஏற்கிறது, ஏற்ற கூரைக் காக்கிறது என்பதற்கு அதன் தேய்மானமே சான்று. தேர்வே எழுதாத மாணவனுக்கு முதல் வகுப்பு என்று எழுதிக் கொடுக்க முடியுமா?

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே ஆசையில் வீழ்ந்தவன். பெட்டியோடு இருந்த ஜெர்மன் நாட்டுக் கத்தி ஒன்றை ஒரு கடையில் கண்டேன். பிடி தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும்படி இருந்தது. அலகில் முகம் பார்க்கலாம். கேட்ட விலையைக் கொடுத்தேன். ‘இதைப் போய்ப் பயன்படுத்துவதா!’ என்று பெட்டியிலிட்டு, காற்றுப் புகாதபடி காகிதத்தில் சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஜூன் வந்தது, மழை வந்தது, செப்டம்பர் முடிந்து வெயில் அடித்ததும் எடுத்துப் பார்த்தேன். வாய் முழுதும் பழுப்பு நிறம். பிடிக்குள் மறைந்திருந்த பகுதியெல்லாம் அம்மை வடு போல் துருக்குழிகள். கொம்புப் பிடி போட்ட என் பழைய கத்தி, அதே அலமாரியில் அதே மழையைக் கண்டது. அதற்கு ஒன்றும் நேரவில்லை.

காரணம் பின்னர்தான் விளங்கிற்று. அந்தத் தேன்நிறப் பிடி செல்லுலாய்டு. 1870ஐ ஒட்டி அமெரிக்காவில் ஹயட் என்பவர் வழக்குக்குக் கொண்டுவந்த அப்பொருள், பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்து கற்பூரம் சேர்த்து ஆக்கப்படுவது. தந்தத்துக்கும் ஆமையோட்டுக்கும் மாற்றாக வந்து, சீப்பு, பொம்மை, கத்திப்பிடி என எங்கும் பரவிற்று. ஆனால் காலம் செல்லச் செல்ல அது தானே சிதையத் தொடங்கும். சிதையும்போது அமில ஆவியை விடும். காற்றோட்டமுள்ள இடத்தில் அந்த ஆவி கலைந்துபோகும். மூடிய பெட்டிக்குள் அது எங்கே போகும்? ஈரத்தோடு கூடி எஃகைத் தின்னும். நான் காற்றுப் புகாமல் சுற்றிவைத்தது கத்தியைக் காப்பதற்கன்று, கொல்லுவதற்கே ஆயிற்று. ‘பெட்டியை விட்டு வெளியே வராதது’ என்று எதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்களோ, அதுவே செல்லுலாய்டுப் பிடியுள்ள கத்திக்கு எமனாகலாம்.

இந்த நினைவு வந்ததும் நம் இளைஞருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன்: “தம்பி, 11,000 ரூபாய்க் கத்தியின் பிடி எப்படிப்பட்டது? பெட்டியைத் திறந்ததும் என்ன மணம்? பிடியின் ஆணிகள் என்ன நிறம்?” ஒரு வாரத்தில் மறுமொழி வந்தது. பிடி மஞ்சள் நிறம், வெளிச்சம் ஊடுருவுகிறது. திறந்தவுடன் கற்பூர மணம், அதனோடு மூக்கைக் குத்தும் ஒரு புளித்த நெடி. ஆணியைச் சுற்றிப் பச்சை படர்ந்திருக்கிறது. கற்பூர மணம் செல்லுலாய்டுக்கு இயல்பு. அதனால் மட்டும் அஞ்ச வேண்டாம். புளித்த நெடியும் பித்தளை ஆணியில் பச்சையும் தோன்றினால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதை எழுதுமுன், கத்தியோடு வாழ்நாளைக் கழித்த ஒருவரைக் கேட்பது முறை என்று தோன்றிற்று. மாதுங்காவில் நாற்பது ஆண்டுகளாகச் சவரக்கடை நடத்தும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரும் திருநெல்வேலிக்காரர், எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். இப்போது அவர் கடையிலும் தகடு மாற்றும் கத்திதான். ஒருவருக்கு ஒரு தகடு. நோய் பரவாதிருக்க அதுவே சரியென்று அவரே சொல்லுவார். ஆயினும் அவருடைய தந்தையாரின் அடைப்பம் இன்றும் அலமாரியில் இருக்கிறது. நான் கேட்டதும் அதை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு கத்தி. அலகு தேய்ந்து தேய்ந்து சுண்டுவிரல் அகலத்துக்கும் குறைந்துவிட்டது. முதுகோ இருபுறமும் ஒரே அளவாய்த் தேய்ந்திருந்தது.

“அண்ணாச்சி, பெட்டியோடு இருக்கும் கத்திக்கு மூன்று பங்கு விலை சொல்லுகிறார்களே, கொடுக்கலாமா?” என்றேன்.

அவர் சிரித்தார். “சார், பெட்டிக்கு விலை கொடுக்கிறவர் பெட்டியை வைத்துத்தான் சவரம் செய்துகொள்ள வேண்டும்” என்றார். பிறகு தந்தையின் கத்தியை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டி, “இதைப் பாருங்கள். ஐம்பது வருஷம் கல்லில் ஏறியிருக்கிறது. எங்கேயாவது கோணல் உண்டா? கத்தியைப் பார்த்தால் அதை வைத்திருந்த கை தெரியும். அந்தக் கை நல்ல கையா என்று மட்டும் பாருங்கள், வாங்கலாம்” என்றார்.

பிறகு கணக்கும் அவரே போட்டுக் கொடுத்தார். எந்தப் பழைய கத்தியையும் கல்லில் ஏற்றிக் கூராக்க ஆயிரம் ரூபாய் வரை ஆகும். அது இரண்டுக்கும் உண்டு. பயன்படுத்திய கத்தியானால் துடைத்து மெருகிட, ஆணி இறுக்க, தேவையானால் பிடி மாற்ற இன்னும் ஓர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ஆகவே பயன்படாத கத்தியால் நமக்கு மிச்சமாவது அந்த ஆயிரத்து ஐந்நூறுதான். முழு எஃகும் முழு உருவமும் இருப்பதற்கு மேலும் ஐந்நூறு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாயிரம் ரூபாய் வரை கூடுதலாகக் கொடுப்பது நியாயம். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் அட்டைப்பெட்டிக்கும் ‘ஒருவரும் தொடாதது’ என்னும் சொல்லுக்கும் கொடுப்பதே.

சேகரிப்பவர்க்கு இக்கணக்கு பொருந்தாது. பெட்டியும் காகிதமும் பொன்முலாம் எழுத்தும் கெடாமல் இருப்பதே அவர்க்குப் பொருள். அவர் வாங்குவது சவரத்துக்கன்று. அவருடைய ஆசைக்கு நாம் விலை வைக்க முடியாது. முகத்தில் வைப்பதற்கு வாங்குகிறவர்களுக்கே இதைச் சொல்லுகிறேன்.

விலை கொடுக்குமுன் பார்க்க வேண்டியவற்றை இனி வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். வாயின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை துருக்குழிகள். முதுகில் இருந்தால் அழகுக் குறைவுதான்; வாயில் இருந்தால் கூர் நிற்காது, விட்டுவிடுங்கள். விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஓடும் மயிரிழை போன்ற விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டு: ஒரு கண்ணாடிச் சில்லின் மீது முதுகும் வாயும் படியும்படி அலகை மெல்லக் கிடத்துங்கள். ஓரத்தைத் தொட்டால் ஆடுகிறதா? ஆடினால் அலகு முறுகியது. பயன்படாத கத்திக்கு இந்தச் சோதனை மிகவும் தேவை.

மூன்று: உண்மையிலேயே பயன்படாததுதானா என்று பாருங்கள். முதுகின் இருபுறமும் கல் பட்ட பட்டை அகலமாக இருந்தால் அது பலமுறை கல்லேறியது. பொன்முலாம் எழுத்து இருக்குமானால் முதலில் அழிவது அதுதான். சிலர் துருப்பிடித்த கத்தியைச் சக்கரத்தில் மெருகேற்றிப் புதியதென்று விற்பார்கள். அப்படிப்பட்டதில் பெயர்முத்திரையின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். வாயருகே நீல நிறம் தெரிந்தால் மிகவும் எச்சரிக்கை வேண்டும். முந்நூறு டிகிரி அளவுக்குச் சூடேறிய எஃகுதான் அந்த நிறம் கொள்ளும். அதன் கடினம் போய்விட்டது. பார்வைக்குப் பளபளக்கும், கூர் ஒரு நாளும் நிற்காது.

நான்கு: பிடியைப் பாருங்கள். கொம்பும் மரமும் எஃகுக்குப் பகையல்ல. கொம்பில் பூச்சி அரித்திருக்கிறதா என்று மட்டும் நோக்குங்கள். செல்லுலாய்டு என்று தெரிந்தால் மேலே சொன்ன குறிகளைத் தேடுங்கள். அது எளிதில் தீப்பற்றுவது. விளக்கருகே வைக்க வேண்டாம். தந்தப் பிடி என்று காட்டினால் வணக்கம் சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1986, 1991 ஆண்டுகளில் அதற்கு வந்த திருத்தங்களும் நம் நாட்டில் தந்த வாணிகத்தைத் தடுத்துவிட்டன.

ஐந்து: காலத்தைப் பற்றிய பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். அயல்நாட்டுப் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென்று 1890ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்கா விதித்தது. எனவே ‘இங்கிலாந்து’, ‘ஜெர்மனி’ என்று முத்திரையுள்ள கத்தியை இருநூறு ஆண்டுப் பழமை என்று சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். ‘ஸோலிங்கன்’ என்னும் ஊர்ப்பெயருக்கு ஜெர்மனியில் 1938ஆம் ஆண்டிலேயே சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி, செம்பூர் அன்பரின் தாயாருக்கு ஒரு சொல்.

அம்மா, தங்கள் அச்சம் தவறன்று. பிறர் பயன்படுத்திய கத்தியை அப்படியே முகத்தில் வைப்பது கூடாது. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஒருவகை நுண்கிருமி, உலர்ந்த குருதித் துளியிலும் ஏழு நாளேனும் உயிரோடிருக்கும் என்பது மருத்துவர் கூற்று. ஆகவேதான் இன்று ஒருவருக்கு வைத்த தகட்டை மற்றவருக்கு வைக்கக் கூடாது என்கிறோம். ஆனால் பல்லாண்டு ஒருவர் முகத்திலும் படாமல் கிடந்த எஃகுக் கத்தியின் நிலை வேறு. அதைச் சோப்பிட்டுக் கழுவி, மடிப்பிலுள்ள அழுக்கை நீக்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் துடைத்து, கல்லில் ஏற்றிவிட்டால், பழைய விளிம்பே தேய்ந்து போய்ப் புது விளிம்பு பிறந்துவிடுகிறது. தங்கள் வீட்டில் மாமியார் கொடுத்த வெண்கலப் பானை இருக்குமே! அது எத்தனை கை மாறி வந்தது என்று யார் கண்டார்கள்? புளியிட்டுத் துலக்கி அடுப்பில் ஏற்றினோம், பொங்கலும் பொங்கிற்று.

மற்றொன்றையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கள் கணவர் இத்தனை ஆண்டு ஏங்கியது புதிய கத்திக்காக அன்று. அவருடைய தந்தையார் நாள்தோறும் தீட்டித் தேய்த்த கத்திக்காக. அது கிடைத்திருந்தால் தேய்ந்துதான் இருக்கும். தாங்களும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கியிருப்பீர்கள். இவ்வளவுக்குப் பின்னும் மனம் ஒப்பவில்லையென்றால் அதிலும் குற்றமில்லை. ஸோலிங்கனிலும் பிரான்சு நாட்டுத் தியேர் நகரிலும் இன்றும் மடக்குச் சவரக்கத்தி செய்கிறார்கள். புதியதையே வாங்கிவிடலாம். பழையதைப் புதியதென்று எண்ணி மூன்று பங்கு விலை கொடுப்பதைவிட அது மேல்.

தம்பி, தங்களுக்கு என் முடிவு இது. பிடி புளித்துப்போன அந்தப் பெட்டிக் கத்தி வேண்டாம். ‘பொற்கத்தி என்று கழுத்தை அறுத்துக்கொள்வதா?’ என்பது நம் பாட்டிமார் கேட்ட கேள்வி. அதை இங்கே பொருத்தமாகவே கேட்கலாம். கொம்புப் பிடிக் கத்தியைக் கண்ணாடிச் சில்லிலும் உருப்பெருக்கியிலும் சோதியுங்கள். தேறினால் 4,000 ரூபாய்க்கு வாங்குங்கள். அண்ணாச்சியிடம் தங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கல்லேற்றிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மிச்சப் பணத்தில் நல்ல தோல்வார் ஒன்று வாங்குங்கள். வாரில்லாத கத்தி நாலு நாளில் மழுங்கும். எஞ்சியதைத் தங்கைக்கு அனுப்பிவிடுங்கள்.

தந்தையாருக்கு இதுவே முதற்பழக்கமானால் முதல் சில நாள் கன்னத்தில் மட்டும், அண்ணாச்சி பக்கத்தில் இருக்க, பழகட்டும். தோலை இழுத்துப் பிடித்து, அலகைச் சாய்த்து வைக்க வேண்டும், அழுத்தவே கூடாது. கை நடுங்கும் நாளில் வேண்டாம். முடிந்ததும் நன்றாகத் துடைத்து, துளி எண்ணெய் தடவி, மழைக்காலத்தில் பெட்டிக்குள் பூட்டாமல் காற்றுப் படும் இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

இந்தப் பகுதி அச்சுக்குப் போகும் வேளையில் தம்பியிடமிருந்து மூன்றாம் கடிதம் வந்தது. கொம்புப் பிடிக் கத்தி கண்ணாடிச் சில்லில் ஆடவில்லையாம். தாயாரும் கடைக்கு வந்தாராம். கத்தியைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, “உங்கள் தாத்தாவுடையதும் இந்த அளவுதான் இருக்கும்” என்றாராம். அதற்கு மேல் விலையைப் பற்றிப் பேச்சு எழவில்லை என்று எழுதியிருக்கிறார்.

தைத் திங்கள் வரை தந்தையார் கண்ணில் இந்த இதழ் படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்த வீட்டாருடையது.